கர்ப்பத்தில் சுகர்: சோற்றை நிறுத்துவதா, பிரித்துச் சாப்பிடுவதா? 39வது வாரத்தில் வலி வரவழைப்பது எப்படி? (ஏற்காடு, சேலம்)

நாகலூர் தோட்டம் எழுதியது:

வணக்கங்க. ஏற்காட்டுப் பக்கம் தோட்டங்கள்ல இருக்கிற கர்ப்பிணிகள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை ஒரே இடத்துல போடுறேன். விவரம் தெரிஞ்சவங்க அளவோட, நேரத்தோட எழுதுனீங்கன்னா அப்படியே படிச்சுக் காட்டிடலாம்.

குளுக்கோஸ் குடிச்சுப் பார்க்கிற டெஸ்ட்ல 140க்கு மேல வந்துட்டா, வீட்ல உடனே சோத்தை நிறுத்திடுறாங்க. மூணு வேளையும் ராகிக் களிதான். வீடியோ பார்க்கிற பிள்ளைங்க கீட்டோ டயட்னு சொல்லி முட்டையும் பன்னீரும் மட்டும் சாப்பிடலாமான்னு கேட்கிறாங்க. கடைசி மாசத்துல டாக்டர் "39 வாரத்துல அட்மிஷன், வலி வரவழைக்கலாம்"னு சொன்னதும் பயம் இன்னும் கூடிப்போகுது. ஜெல்லுன்னா என்ன, பலூன்னா என்ன, எத்தனை நாள் ஆகும்னு யாரும் உட்கார்ந்து சொல்றதில்ல. பிரசவம் முடிஞ்சு பால் கொடுக்கும்போது மாவுச்சத்தைக் குறைக்கலாமாங்கிறது அடுத்த கேள்வி.

குகை லேப் எழுதியது:

டெஸ்ட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அங்கே தப்பினால் மேலே எல்லாமே தப்பும்.

இங்கே அரசு மருத்துவமனைகளில் செய்வது ஒரே குத்தில் முடிகிற சோதனை. வெறும் வயிறாக வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குடிக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்து ரத்தம். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை. முதல் செக்கப்பிலேயே ஒருமுறை, அதில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை. இரண்டுக்கும் இடையில் குறைந்தது 4 வாரம் இருக்க வேண்டும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், முதலில் குளுக்கோஸின் எடை. கடையில் கிடைக்கிற பொட்டலம் பெரும்பாலும் நீர் சேர்ந்த குளுக்கோஸ். அதில் 82.5 கிராம் எடுத்தால்தான் 75 கிராம் கணக்கு வரும். வைட்டமின், சுவையூட்டி சேர்ந்த டப்பாவில் கணக்கு இன்னும் மாறும். "நாலு ஸ்பூன் போட்டேன்" என்பது சோதனையே அல்ல.

அடுத்தது வாந்தி. குடித்த 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் செய்யணும். 30 நிமிடத்துக்குப் பிறகு எடுத்தால் சோதனையைத் தொடரலாம். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இது முக்கியம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த கையோடு குளுக்கோஸைக் குடித்தால் வாந்தி வராமல் இருப்பது அபூர்வம். ஒன்று, ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே முடித்துவிடுங்கள். இல்லை, கீழே வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து வயிறு அடங்கிய பிறகு குடியுங்கள். அந்த 2 மணி நேரமும் உட்கார்ந்தே இருக்கணும். கடைவீதியில் நடந்துவிட்டு வந்தால் அளவு குறைத்துக் காட்டும்.

ரத்தம் சாம்பல் மூடிக் குழாயில் போகிறதா என்று பாருங்கள். அதில்தான் ஃப்ளூரைடு இருக்கிறது. சாதாரணக் குழாயில் ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 145 இருக்க வேண்டியது 135 ஆகி, சுகர் இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

தட்டும் தராசும் எழுதியது:

சாப்பாட்டுக்கு வருகிறேன். தலைப்பில் இருக்கிற கேள்விக்கு என் பதில்: பிரித்துச் சாப்பிடணும். நிறுத்தக் கூடாது.

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும். இது சோற்றின் எடை இல்லை, அதில் இருக்கிற மாவுச்சத்தின் எடை. அதை மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று சிறு தீனி என்று ஆறாகப் பிரிக்கிறோம். காலை 30, பதினொரு மணிக்கு 15, மதியம் 50, சாயங்காலம் 20, ராத்திரி 45, படுக்கும் முன் 15. மொத்தம் 175.

காலைக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு? விடியற்காலையில் உடம்பில் சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்கும். அதே நாலு இட்லி மதியம் சாப்பிட்டால் 118 காட்டுகிறவர்களுக்குக் காலையில் 150 காட்டும். அதனால் காலையில் இரண்டு சின்ன இட்லி, அதாவது 40 கிராம் எடையுள்ளது. அது சுமார் 20 கிராம் மாவுச்சத்து. பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு அவித்த முட்டை. 30க்குள் முடிந்துவிடும். பசி அடங்குவது முட்டையாலும் பருப்பாலும்தான்.

அரிசியைச் சமைத்த பிறகு அளக்காதீர்கள், சோறு குழைவதைப் பொறுத்து மாறும். பச்சையாக நிறுங்கள். 50 கிராம் அரிசியில் ஏறத்தாழ 39 கிராம் மாவுச்சத்து. மதியத்துக்கு அந்த 50 கிராம் போதும், மிச்சம் 10 கிராம் பருப்பிலும் காயிலும் வந்துவிடும். தட்டில் பாதி காய் இருக்கணும்: அவரை, பீர்க்கு, சுரை, முருங்கைக்கீரை, கோஸ். முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் எடுத்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறுவது நிதானமாகும்.

இப்போது களி. நம் பக்கத்தில் இதைச் சொன்னால் சண்டை வரும், தெரியும். ராகி மாவு 100 கிராமில் 67 முதல் 72 கிராம் மாவுச்சத்து. அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்தும் கால்சியமும் ராகியில் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் கைக்கு அடங்காத ஒரு உருண்டைக்கு 100 கிராம் மாவு போகிறது, அதில் நொய்யும் போட்டுக் கிண்டுகிறோம். ஒரே வேளையில் 80 கிராமுக்கு மேல். "களிதானே சாப்பிட்டேன், எப்படி 170?" என்று கேட்கிறவர்களின் தட்டைப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கும். 50 கிராம் மாவில் நொய் இல்லாமல் சின்ன உருண்டை, கீரைக் கடைசலோடு, மதியம். தாராளமாகச் சாப்பிடலாம். அதையே கரைத்துக் கூழாகக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும்.

அம்மாபேட்டை தறி எழுதியது:

தராசு சார், ஒரு விஷயத்துல உங்களோட ஒத்துப்போக முடியல. அரிசி, களி ரெண்டையும் நிறுத்திட்டு முட்டை, கோழி, பன்னீர், தேங்காய்னு சாப்பிட்டா சுகர் 90க்குள்ள நிக்குது. மீட்டர் பொய் சொல்லுமா? 175 கிராம் கொடுத்துட்டு அப்புறம் இன்சுலின் ஊசி போடுறதை விட இது மேல் இல்லையா?

தட்டும் தராசும் எழுதியது:

தம்பி, சார் இல்ல, அக்கான்னே கூப்பிடுங்க. கேள்வி நியாயமானதுதான்.

மீட்டர் காட்டுகிற 90 பொய் இல்லை. ஆனால் மீட்டர் சர்க்கரையை மட்டும்தான் பார்க்கும், கொழுப்பு எரியும்போது ரத்தத்தில் உண்டாகிற கீட்டோன் என்ற பொருளைப் பார்க்காது. குழந்தை வளர்வது அம்மாவின் ரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸில். அது இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் கர்ப்பிணிக்குச் சாப்பாடு இல்லாத இடைவெளியில் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிப்பது மற்றவர்களை விடச் சீக்கிரம். கடைசி மூன்று மாதத்தில் 12, 14 மணி நேரம் பட்டினி கிடந்தாலே கீட்டோன் வந்துவிடும். அதன் மேல் மாவுச்சத்தையும் நிறுத்தி, கூடவே வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்தால் ரத்தம் அமிலமாகும். கர்ப்பத்தில் இது சர்க்கரை ரொம்ப ஏறாமலேயே வரும், அதனால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். குழந்தைக்கு உயிராபத்து.

படுக்கும் முன் 15 கிராம் என்று சொன்னதும் இதற்காகத்தான். ஒரு டம்ளர் பால், 200 மி.லி., 10 கிராம். கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலை. ராத்திரி இடைவெளி 8, 9 மணி நேரத்தைத் தாண்டாமல் இருக்கும்.

சிறுநீரில் கீட்டோன் பார்க்கிற ஸ்ட்ரிப் மெடிக்கலில் கிடைக்கும். காலை முதல் சிறுநீரில் லேசாகக் காட்டினால் ராத்திரிச் சாப்பாட்டைக் கூட்டணும். இரண்டு பிளஸ் காட்டினாலோ, கூடவே வாந்தி இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகணும்.

இன்சுலினைத் தண்டனை மாதிரி நினைக்காதீங்க. இரண்டு வாரம் சாப்பாடு சரியாக இருந்தும் சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 120க்குக் கீழே வரவில்லை என்றால் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலினோ ஆரம்பிப்பார்கள். சர்க்கரை இறங்காதது நஞ்சுக்கொடியின் ஹார்மோன் செய்கிற வேலை. கர்ப்பிணி மேல் எந்தக் குற்றமும் இல்லை. பட்டினி போட்டு எண்ணைக் குறைத்தால் குழந்தையின் எடைதான் குறையும்.

அம்மாபேட்டை தறி எழுதியது:

கீட்டோன் விஷயம் தெரியாதுங்க அக்கா. வெறும் எண்ணை மட்டும் பார்த்துட்டு இருந்தோம். அப்படின்னா நம்ம ஊர்த் தீனி எதெது ஆகும், எதெது ஆகாதுன்னும் சொல்லிடுங்க.

தட்டும் தராசும் எழுதியது:

சேலத்தில் ஜவ்வரிசியைத் தவிர்ப்பதுதான் கஷ்டம். 100 கிராம் ஜவ்வரிசியில் 85க்கு மேல் மாவுச்சத்து, புரதமும் நாரும் கிட்டத்தட்ட இல்லை. உப்புமாவாகப் பண்ணினாலும் பாயசமாகப் பண்ணினாலும் நேரே ஏறும். அதை விடணும். மரவள்ளிக் கிழங்கு 100 கிராமில் சுமார் 38. மீன் குழம்போடு இரண்டு துண்டு ஆசைக்கு எடுத்தால், அந்த வேளைச் சோற்றில் அவ்வளவையும் கழிக்கணும். தட்டுவடை செட்டில் உள்ளே இருக்கிற கேரட்டும் பீட்ரூட்டும் பிரச்சினை இல்லை, மேலும் கீழும் இருக்கிற அரிசி மாவுத் தட்டைதான் பிரச்சினை.

மாம்பழ சீசனில் யாரும் கேட்க மாட்டார்கள். மல்கோவா சதை 100 கிராமில் 15 கிராம். பதினொரு மணித் தீனிக்குப் பதிலாக அந்த 100 கிராம், நிறுத்துச் சாப்பிடலாம். சாப்பாட்டோடு சேர்க்கக் கூடாது, ஜூஸ் கூடவே கூடாது. பலாவும் அப்படித்தான், 100 கிராமில் 20க்கு மேல், ஆகவே மூன்று சுளையோடு நிறுத்தணும். கொய்யா நல்லது. மலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே விளைகிற பட்டர் ஃப்ரூட் எல்லாவற்றையும் விட நல்லது: 100 கிராமில் 8, 9 கிராம், அதிலும் முக்கால் பங்கு நார். உப்பும் மிளகும் போட்டுச் சாப்பிடுங்கள். பாலும் சர்க்கரையும் போட்டு அடித்தால் அந்த நல்லது போய்விட்டது.

அரசாங்கத்தில் கொடுக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் பிரித்துப் பார்க்கணும். நெய் சரி. பேரீச்சம்பழம் ஒன்றில் சுமார் 6 கிராம். ரத்தம் ஊற என்று ஒரு நாளைக்குப் பத்து சாப்பிட்டால் 60 கிராம் அதிலேயே போச்சு. இரண்டு போதும். அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கிறது. கொழுக்கட்டை மாதிரி உருட்டித் தின்றால் அதுவும் ஒரு வேளைக் கணக்கு.

சாப்பிட்டு முடித்ததும் 10, 15 நிமிடம் நடங்கள். தோட்டத்தில் நிரவல் நிலம் இல்லை என்றால் வாசலிலேயே நடந்தாலும் போதும்.

குகை லேப் எழுதியது:

வீட்டு மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பாட்டின் முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரத்தில் 120க்குக் கீழே. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணுகிறவர்கள் பலர், அது தப்பு.

கையை வெறும் தண்ணீரிலாவது கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஏற்காட்டில் இது முக்கியம், ஏனென்றால் ஆரஞ்சு உரித்த விரலோடு குத்தினால், உடம்பில் 100 இருக்கும்போது மீட்டர் 200, 250 கூடக் காட்டும். பழத்தின் சர்க்கரை தோலில் ஒட்டியிருக்கிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் அது முழுதாகப் போகாது. மார்கழி, தை மாதங்களில் மலை மேலே விரல் விறைத்துப் போகும், ரத்தம் வராது. விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து தப்பாகக் காட்டும். வெந்நீரில் கையை நனைத்து, துடைத்து, கையைக் கீழே தொங்கவிட்டு, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், பனிமூட்டத்து ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும்.

இன்சுலின் பயன்படுத்துகிறவர்கள்: பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம், 2 முதல் 8 டிகிரி. பிரித்தது 30 டிகிரிக்குள் இருந்தால் 28 நாள் வரை வெளியே இருக்கலாம். ஏற்காட்டில் அது பிரச்சினையே இல்லை. சேலத்தில் சித்திரை வெயிலில் ஓட்டு வீடு என்றால், பெரிய மண்சட்டியில் ஈரமணல், அதற்குள் சின்ன சட்டி, அதில் குப்பி. ஃப்ரீசரில் வைத்து உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போடணும்.

லேபர்வார்டு நைட்டூட்டி எழுதியது:

வலி வரவழைப்பது பற்றி நான் எழுதுகிறேன். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே சர்க்கரை சரியாக இருக்கிறவர்களுக்கு 39 வாரம் முடிந்த பிறகு, 40 வாரம் 6 நாள் வரை தானாக வலி வருவதற்குக் காத்திருப்பது உண்டு. மாத்திரை, இன்சுலினில் இருக்கிறவர்களுக்கு 39வது வாரத்திலேயே முடிவெடுப்பார்கள். காரணம், அதற்கு மேல் போனால் குழந்தை பெருத்து, தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும், உள்ளேயே ஆபத்தாகும் வாய்ப்பும் கூடும். ஸ்கேனில் எடை 4 கிலோவைத் தாண்டினால் நேராக ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள்.

முதலில் உள்ளே பரிசோதித்து மார்க் போடுவார்கள். பிஷப் ஸ்கோர் என்று பெயர். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையா கடினமா, முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. மொத்தம் 13. மென்மையை எப்படிச் சொல்வோம் என்றால், மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள், அது கடினம். உதட்டைத் தொட்டுப் பாருங்கள், அது மென்மை. கர்ப்பப்பை வாய் உதடு மாதிரி ஆன பிறகுதான் வலி வரவழைக்கிற மருந்து நன்றாக வேலை செய்யும். 8க்கு மேல் என்றால் நேரே வலி வரவழைக்கிற டிரிப்ஸ் போடலாம். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் வாயைப் பக்குவப்படுத்தணும். முதல் பிரசவத்தில் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலிருந்துதான் ஆரம்பம். இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஜெல் வைப்பது வாயைப் பக்குவப்படுத்த. அன்றைக்கே குழந்தை வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஜெல் என்பது டைனோப்ரோஸ்டோன், 0.5 மி.கி., ஊசிக்குழலில் வரும், ஃபிரிட்ஜில் இருக்கும். கர்ப்பப்பை வாய்க்குள் வைத்து அரைமணி நேரம் படுக்க வைப்பார்கள். 6 மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதனை. தேவைப்பட்டால் இரண்டாவது, மூன்றாவது. 24 மணி நேரத்துக்குள் மூன்றுக்கு மேல் இல்லை. சில இடங்களில் மிசோப்ரோஸ்டால் 25 மைக்ரோகிராம். விழுங்குவதானால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, உள்ளே வைப்பதானால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. கடையில் 200 மைக்ரோகிராம் மாத்திரையாக விற்கிறது, எட்டு மடங்கு. அதை உடைத்து வீட்டில் யாராவது வைத்தால் கர்ப்பப்பை கிழியும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு மருத்துவமனையிலேயே இந்த மாத்திரையைத் தொட மாட்டார்கள்.

பலூன் என்பது சிறுநீருக்குப் போடுகிற அதே ஃபோலி டியூப்தான். கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே நுழைத்து 30 முதல் 60 மி.லி. தண்ணீர் ஏற்றி, லேசாக இழுத்துத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். உள்ளிருந்து அழுத்தி வாயைத் திறக்கும். 3, 4 செ.மீ. திறந்ததும் தானாக வழுக்கி விழும். விழுந்தால் பதறாதீர்கள், வேலை முடிந்தது என்று அர்த்தம். அது இருக்கும்போது நடக்கலாம், ஒன்றுக்குப் போகலாம். திட்டுத்திட்டாக ரத்தம் பார்ப்பது சகஜம். ஒழுகுவது சகஜம் இல்லை. மருந்து இல்லாத முறை என்பதால் வலி அளவுக்கு மீறுவது குறைவு, முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கும் இது பயன்படும்.

லேபர்வார்டு நைட்டூட்டி எழுதியது:

தொடர்ச்சி. டிரிப்ஸில் போவது ஆக்ஸிடோசின். கடைசி ஜெல்லுக்குப் பிறகு 6 மணி நேரம் ஆகியிருக்கணும், மிசோ என்றால் 4 மணி நேரம். ஒரு முறை: 2.5 யூனிட்டை 500 மி.லி.யில் கலந்து நிமிடத்துக்கு 10 சொட்டில் ஆரம்பித்து, அரைமணிக்கு ஒருமுறை 10 சொட்டாகக் கூட்டுவது. பம்ப் இருக்கிற இடத்தில் பம்ப்தான் நம்பகம். 10 நிமிடத்தில் 3 வலி, ஒவ்வொன்றும் 40 விநாடிக்கு மேல் வந்தால் மேலே கூட்டாமல் அதே அளவில் ஓட விடுவார்கள். கூட இருக்கிறவர்கள் "சீக்கிரம் ஆகட்டும்" என்று டிரிப்ஸ் குழாயில் வேகத்தைக் கூட்டுகிற சக்கரத்தைத் தொடவே கூடாது. 10 நிமிடத்தில் 5க்கு மேல் வலி வந்தால் இரண்டு வலிக்கு நடுவில் குழந்தைக்கு ரத்தம் போக நேரம் கிடைக்காது, நாடித்துடிப்பு இறங்கும். அப்போது டிரிப்ஸை நிறுத்தி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தேவையானால் கர்ப்பப்பையைத் தளர்த்த ஊசி போடுவார்கள்.

பனிக்குடத்தை உடைப்பது தலை நன்றாக இறங்கிப் பொருந்திய பிறகுதான். தலை மேலே மிதக்கும்போது உடைத்தால் தண்ணீரோடு தொப்புள்கொடியும் வழுக்கி வரும். தண்ணீர் தெளிவாக இருக்கணும். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது, கண்காணிப்பு கூடும்.

சர்க்கரை உள்ளவர்கள் அன்று காலை மாத்திரை, இன்சுலினைத் தாங்களாக எடுக்கக் கூடாது. வார்டில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். 120ஐத் தாண்ட விட மாட்டார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் ஏறினால் பிறந்த குழந்தைக்குத் தாழ்ந்துவிடும்.

அம்மாபேட்டை தறி எழுதியது:

ரெண்டு நாள் ஜெல் வெச்சுப் பார்த்துட்டு "வாய் திறக்கல"ன்னு ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போறாங்களே சிஸ்டர். அதுக்கு முதல் நாளே பண்ணியிருக்கலாமேன்னு எல்லா வீட்லயும் கேட்கிறாங்க.

லேபர்வார்டு நைட்டூட்டி எழுதியது:

கோபம் புரியுது தம்பி. ஆனா ரெண்டு நாள்ங்கிறது முதல் பிரசவத்துல வழக்கமான கணக்குதான். வாய் பக்குவப்பட ஒரு நாள், அதுக்கப்புறம் 5, 6 செ.மீ. வரைக்கும் போகிறது ரொம்ப மெதுவா. பனிக்குடம் உடைஞ்சு, டிரிப்ஸ் ஓடி 12 முதல் 18 மணி நேரம் ஆகியும் 6 செ.மீ.யைத் தொடலைன்னாதான் வலி வரவழைச்சது பலிக்கலன்னு சொல்லணும். அம்மாவும் குழந்தையும் நல்லா இருக்கிற வரைக்கும் காத்திருக்கிறது அவங்க நல்லதுக்குத்தான். குழந்தையோட துடிப்பு இறங்கினா எந்த மணிக்கணக்கும் கிடையாது, உடனே எடுக்கணும். குடும்பத்துக்காரங்க கேட்க வேண்டிய கேள்வி மூணு: ஸ்கோர் எவ்வளவு, இப்ப எந்தக் கட்டம், அடுத்த பரிசோதனை எத்தனை மணிக்கு. இதைக் கேட்டா எந்த டியூட்டி சிஸ்டரும் சொல்லணும்.

விளக்கெண்ணெய் குடிச்சு வலி வரவழைக்கிறது வேண்டவே வேண்டாம். வாந்தி, பேதியில நீர் வத்தி வந்து சேர்வாங்க, சுகர் இருக்கிறவங்களுக்கு கீட்டோனும் ஏறிடும். சீரகக் கஷாயம் வேற விஷயம். குடிச்சுப் படுத்தா அடங்கிப்போறது சூட்டு வலி, அடங்காம இடைவெளி குறைஞ்சுட்டே வர்றது பிரசவ வலி. ஆனா தண்ணி போனாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைஞ்சாலோ கஷாயம் வெச்சுக் காத்திருக்கக் கூடாது.

நாகலூர் தோட்டம் எழுதியது:

மலையில இருந்து போறவங்களுக்குச் சிலது நான் சேர்க்கிறேன். அட்மிஷன் தேதிக்கு முதல் நாள் பகல்லயே கீழே இறங்கிடணும். ராத்திரி பனிமூட்டத்துல வளைவுல வண்டி ஊர்ந்துதான் போகும். அடிவாரம் பாதையில மரம் விழுந்தாலோ மண் சரிஞ்சாலோ குப்பனூர் வழி இருக்கு, டிரைவருக்கு அதையும் முன்னாடியே சொல்லி வைங்க. கீழே சொந்தக்காரங்க இல்லைன்னா, முன்கூட்டியே அட்மிட் பண்ணிக்க முடியுமான்னு கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்க. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் பெரும்பாலும் அனுப்புவாங்க. சுகர் கேஸுக்கு ஆபரேஷன் தியேட்டரும் பச்சைக்குழந்தைப் பிரிவும் ஒரே இடத்துல இருக்கிறது முக்கியம்.

தினமும் சாப்பிட்டுட்டு ஒருக்களிச்சுப் படுத்து அசைவை எண்ணணும். 2 மணி நேரத்துல 10 வரலைன்னா 108. மறுநாள் பஸ்ஸுக்காகக் காத்திருக்கக் கூடாது. பையில தாய் சேய் அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு பண்ணினதும் அரசு கொடுக்கிற எண்), எல்லா ஸ்கேனும், சுகர் எழுதுன நோட்டு, மீட்டர்.

பிறந்த குழந்தைக்குச் சேனை (சர்க்கரைத் தண்ணி) வைக்கிறது, கழுதைப்பால் ஊத்துறது பத்தியும் சிஸ்டர் எழுதிடுங்க. மேலயும் கீழயும் இன்னும் நடக்குது.

லேபர்வார்டு நைட்டூட்டி எழுதியது:

இரண்டுமே கூடாது. சுகர் அம்மாவின் குழந்தை உள்ளே இருக்கும்போது அதிக இன்சுலின் சுரந்து பழகியிருக்கும். கொடி அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் இருக்கும். அதனால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். இதற்கு மருந்து சீம்பால், முதல் ஒரு மணி நேரத்துக்குள். பிறந்து ஒரு மணி நேரத்தில் குதிகாலில் குத்தி ஒருமுறை, பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கும் முன், தொடர்ந்து நாலு தடவை சரியாக வரும் வரை பார்ப்பார்கள். 45க்குக் கீழே போகக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் குழந்தை சப்பாமல் தூங்கிவிடும், கிருமியும் போகும். கழுதைப்பாலும் அதே கதைதான். குழந்தை நடுங்கினாலோ, துவண்டு போய்ப் பால் குடிக்காமல் கிடந்தாலோ "அசதியா தூங்குது" என்று விடாதீர்கள்.

தட்டும் தராசும் எழுதியது:

கடைசிக் கேள்வி, பால் கொடுக்கும்போது மாவுச்சத்துக் குறைப்பு. கர்ப்பகால சுகர் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலானவர்களுக்கு இறங்கிவிடும், ஊசி நின்றுவிடும். ஆனால் பிற்காலத்தில் நிரந்தர சுகராக வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. அதனால் குறைப்பது நல்லதுதான். எப்போது, எவ்வளவு என்பதில்தான் தப்பு நடக்கிறது.

தாய்ப்பால் 100 மி.லி.யில் 7 கிராம் சர்க்கரை, பால்சர்க்கரையாக. ஒரு நாளைக்கு 750 மி.லி. சுரந்தால் 50 கிராமுக்கு மேல் உடம்பிலிருந்து வெளியே போகிறது. இந்த நிலையில் கீட்டோ பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் ஸ்வீடனிலிருந்து மருத்துவ இதழில் வந்த பதிவு ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோயே இல்லாத ஒரு தாய், பால் கொடுத்துக்கொண்டே நாளைக்கு 20 கிராமுக்கும் கீழே மாவுச்சத்தைக் குறைத்து, குமட்டல், வாந்தியோடு ரத்தம் அமிலமாகி மருத்துவமனைக்கு வந்தார். குளுக்கோஸ் ஏற்றித்தான் சரி செய்தார்கள்.

ஆகவே முதல் 6 வாரம் எடை குறைப்பை நினைக்கவே வேண்டாம். அந்த நேரத்தில் வழக்கத்தை விட 600 கலோரி கூடுதலாகத் தேவை. நம்ம பத்தியச் சாப்பாடு அதற்கு நல்லாவே ஒத்து வரும்: செலவு ரசம், பூண்டுக் குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, கருவாடு. எல்லாமே மாவுச்சத்து குறைவானவை. பிரசவ லேகியம் மட்டும் வெல்லப்பாகில் கிண்டியது. சுகர் இருந்தவர்கள் நெல்லிக்காய் அளவுக்கு மேல் வேண்டாம். தண்ணீரைக் குறைக்கிற பத்தியம் தப்பு. பால் வத்தும், மலச்சிக்கல் வந்து தையல் வலிக்கும்.

6 வாரத்துக்குப் பிறகு, பால் நன்றாக வந்துகொண்டிருந்தால், இனிப்பு, பேக்கரி, ஜவ்வரிசி, வெள்ளை ரவை இவற்றை முதல் இரண்டு வாரத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். பிறகு ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் சுண்டலோ முட்டைப் பொரியலோ. ஒரு நாளைக்கு 200க்கு அருகிலேயே நில்லுங்கள். குமட்டல், வாயில் பழவாடை, பால் குறைவது, தலைசுற்றல், இதில் ஒன்று வந்தாலும் உடனே சோற்றைக் கூட்டுங்கள். வாந்தியும் சேர்ந்தால் மருத்துவமனைக்குப் போங்கள், பால் கொடுப்பதையும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பால் மறந்த பிறகு 130க்குக் கீழே இறக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

குகை லேப் எழுதியது:

அதற்கு முன் 6வது வாரச் சோதனை. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இந்த முறை கட்டாயம் வெறும் வயிறு, 8 மணி நேரம். அதே 75 கிராம். வெறும் வயிற்றில் 126 அல்லது 2 மணி நேரத்தில் 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய். 2 மணி நேரத்தில் 140 முதல் 199 என்றால் எல்லைக்கோடு. மூன்று மாதச் சராசரிச் சோதனை இந்த நேரத்தில் சரிவராது, பிரசவத்தில் ரத்தம் போனதால் எண்ணிக்கை மாறியிருக்கும். இந்த குளுக்கோஸ் சோதனைக்கு முந்தின மூன்று நாளும் சாப்பாட்டைக் குறைக்காமல் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வாங்க. அந்த மூன்று நாளும் சோற்றைக் குறைத்துவிட்டு வந்து குளுக்கோஸ் குடித்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சரியாக வந்தாலும் வருடா வருடம் பார்க்கணும்.

நாகலூர் தோட்டம் எழுதியது:

அந்த 2 மணி நேரம் குழந்தை அழுதா பால் கொடுக்கலாமாங்க? காலையில கிளம்பும்போதும் கொடுத்துட்டுத்தான் வருவாங்க.

குகை லேப் எழுதியது:

கொடுக்கலாங்க. குழந்தையைப் பட்டினி போட வேண்டியதில்லை. சோதனை நடக்கும்போது பால் கொடுத்தா அளவு கொஞ்சம் குறைவா காட்டலாம், அதனால எத்தனை மணிக்குக் கொடுத்தாங்கன்னு லேப்ல சொல்லிடச் சொல்லுங்க, ரிப்போர்ட்லயே குறிச்சுடுவோம். அம்மா வெறும் தண்ணி குடிக்கலாம். 12ஆம் தேதிக்குள்ள 6 வாரம் முடியறவங்க யார் யாருன்னு பட்டியல் இருந்தா போடுங்க, ஒரே வண்டியில சேர்ந்து வந்துடலாம். குழந்தையைப் பிடிக்கக் கூட ஒருத்தர் வரட்டும்.